ஊசி படுத்த ஆறு நிமிடம்

அம்பத்தூர் ரயில் நிலையத்திலிருந்து தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில், சைக்கிள் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் பக்தவத்சலத்தின் பாட்டுப் பதிவுக் கடை இருந்தது. முன்பக்கம் அவர் உட்காருவார். பின்னால் ஒரு சின்ன அறை. இரண்டுக்கும் நடுச்சுவரில் ஒரு சதுர ஓட்டை. வாடிக்கையாளர்கள் வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுக்கும் சீட்டு அந்த ஓட்டை வழியாக உள்ளே போகும். இரண்டு நாள் கழித்துக் கேசட் அதே ஓட்டை வழியாக வெளியே வரும். உள்ளே இருந்தவள் பேபி. பதினோரு வருடம் அங்கே இருந்தாள். கடைக்கு வழக்கமாக வருகிறவர்களில் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அவளுக்கு எல்லோரையும் தெரியும். யாருடைய சீட்டில் எந்த மாதத்திலிருந்து சோகப் பாட்டு கூடியது, யார் வீட்டில் கல்யாணம் கூடிவந்திருக்கிறது என்பதெல்லாம் சீட்டைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஆனால் யாரிடமும் சொன்னதில்லை.

அவளுடைய அப்பா கன்னியப்பன் திருமுல்லைவாயிலில் கூலிக்குக் கழனி வேலை செய்தவர். கழனி மனைகளான பிறகு ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நின்றார். பேபி எட்டாவது வரைக்கும் போனாள். ஒரு நாள் டீச்சர் அவளை எழுந்து நின்று பாடத்தை உரக்க வாசிக்கச் சொன்னார். அவள் எழுந்து நின்றாள். வாய் திறக்கவில்லை. புத்தகத்தில் ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது, குரல் மட்டும் வரவில்லை. வகுப்பு சிரித்தது. மறுவாரம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டிலும் போ என்று யாரும் பிடித்துத் தள்ளவில்லை. கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும். கேசட் அட்டைகளில் பாட்டுப் பெயர் எழுத ஆள் தேடிக்கொண்டிருந்த பக்தவத்சலம் அந்தக் கையெழுத்துக்காகத்தான் அவளை வேலைக்குச் சேர்த்தார். ஆறே மாதத்தில் பதிவு வேலையும் அவள் கைக்கு வந்துவிட்டது.

பதிவு வேலையைக் காதால் செய்கிறார்கள் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். பேபி கண்ணால் செய்தாள். முன்பக்கம் ஒலிபெருக்கியில் நாள் முழுக்கப் புதுப்படப் பாட்டு ஓடும். சாலையில் லாரியும் பஸ்ஸும் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டேப் ரெக்கார்டர் பெட்டிகள் பதிந்துகொண்டிருக்கும். எதையென்று கேட்பது? அதனால் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்துவிட்டு, பெட்டியின் முகப்பில் ஒலியளவைக் காட்டும் ஊசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஊசி துள்ளினால் பாட்டு ஓடுகிறது. ஊசி படுத்தால் பாட்டு முடிந்தது. அவ்வளவுதான் வேலை.

அந்தக் கடைக்கு ஒரு சட்டமும் இருந்தது. கேசட்டின் எந்தப் பக்கத்திலும் டேப் காலியாகப் போகக் கூடாது. "கடேசில உய்யுன்னு சும்மா ஓடுச்சுன்னா, ஏமாத்திட்டான்னு சொல்லுவான். நாலு நிமிஷம் மிச்சம் கீதுன்னா, நாலு நிமிஷப் பாட்டை எடுத்து ரொப்பு" என்று பக்தவத்சலம் முதல் நாளே சொல்லிவைத்தார். அதற்கென்றே பேபி ஒரு வரிசை வைத்திருந்தாள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு பாட்டு, மூன்றரைக்கு ஒன்று, ஐந்தரைக்கு இரண்டு. மிச்சத்தைப் பார்த்ததுமே கை தானாக அந்த இடத்துக்குப் போகும். ஒட்டுத்துணி கிழித்துத் தைப்பது போலத்தான்.

எண்பத்தெட்டாம் வருடம் ஆடி மாதத்தில் பாஸ்கரன் தன் கேசட்டோடு வந்தார்.

அவர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். வேலையாட்களுக்கான குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு இருந்தார். ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். மின்சாரத்திலேயே சத்தம் எழுப்பும் பலகை ஒன்றைத் தானே பற்றவைத்துச் செய்திருந்தார். பழைய கீபோர்டு ஒன்றும் இருந்தது. இரண்டு வருடமாக அந்தப் பலகையின் சத்தத்தையும், தொழிற்பேட்டை லேத்துப் பட்டறைகளில் நின்று பிடித்த சத்தத்தையும் சேர்த்து இழைத்து ஒரு மணி நேரத்துக்கு இசை செய்திருந்தார். பாட்டு இல்லை. பாடுகிறவர் இல்லை. தாளம்கூடச் சில இடத்தில்தான். கேசட்டுக்கு 'மூன்றாம் சங்கு' என்று பெயர் வைத்திருந்தார். காலையில் தொழிற்சாலையில் மூன்று தடவை சங்கு ஊதும். மூன்றாவது ஊதி முடிந்ததும் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

கூட வந்தவர் குணசேகரன். பூந்தமல்லிக்காரர், அதே தொழிற்சாலையில் வெல்டர். திருவிழாக் காலத்தில் இருவரும் ஒரே மெல்லிசைக் குழுவில் இருந்தார்கள். பாஸ்கரன் கீபோர்டு, குணசேகரன் பாட்டு. வேலைக்குப் போவதும் வருவதும் குணசேகரனுடைய ஸ்கூட்டரில்தான். ஒருவர் இருக்கிற இடத்தில் மற்றவரைத் தேட வேண்டியதில்லை.

"அம்பது காப்பி வேணும். என் ஒரிஜினல் பத்திரம்" என்றார் பாஸ்கரன்.

"இன்னா படம் நைனா?" என்று கேட்டார் பக்தவத்சலம்.

"படம் இல்லீங்க. நானே செஞ்சது."

"பாடுறது யாரு?"

குணசேகரன் சிரித்துவிட்டார். "யாரும் பாடல அண்ணாத்தே. லேத்து பாடுது. வெல்டிங் ராடு பாடுது. நானும் தலையால அடிச்சிக்கினேன். ஆடி மாசத்துல கேசட் உடறே, கடேசில ஒரு அம்மன் பாட்டாவது சேத்துக்கோ மாமே, பிச்சிக்கினு போவும்னேன். கேக்கறானா?"

"நீ பாடினா தெரு நாய்கூட கேட்காது" என்றார் பாஸ்கரன்.

"அதுக்குத்தான் மிசினை வெச்சிப் பண்ணிக்கினியா? நல்லதாப் போச்சு, மிசினு சம்பளம் கேக்காது."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஓட்டைக்கு உள்ளே பேபியும் சிரித்தாள். பாஸ்கரன் குனிந்து கேசட்டை அந்த ஓட்டை வழியாக அவளிடமே நீட்டினார். "நீங்கதான் பதியறீங்களாம்மா? கையெழுத்து பார்த்திருக்கேன். அட்டையிலயும் நீங்களே எழுதிடுங்க" என்றார். அவளை யாரும் 'நீங்க' என்று சொன்னதில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

வாடிக்கையாளரின் ஒரிஜினல் தேயக் கூடாது என்பதற்காக, முதலில் அதிலிருந்து ஒரு கடைப்பிரதி எடுத்து, அதை வைத்தே மற்ற எல்லாவற்றையும் பதிவது வழக்கம். பேபி அன்று மத்தியானமே கடைப்பிரதி எடுத்தாள். முதல் பக்கம் சரியாக நிரம்பிவிட்டது. இரண்டாம் பக்கத்தில் இருபத்துநாலாவது நிமிடத்துக்கு மேல் ஊசி மெல்லச் சரிந்து படுத்துவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்தாள். எழவில்லை. முன்னால் பக்தவத்சலம் யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். ஆடி வெள்ளிக்குப் பந்தல் போடுகிறவர்கள் வந்து பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு நிமிடம் மிச்சம். கை வரிசைக்குப் போனது. ஐந்தரை நிமிடத்துக்கு இரண்டு பாட்டு இருந்தன, ஒன்று காதல் பாட்டு, ஒன்று உடுக்கையும் பம்பையுமாக ஓர் அம்மன் பாட்டு. குணசேகரன் சொன்னது காதில் இருந்தது. அம்மன் பாட்டை எடுத்து மாட்டினாள். சரியாகப் பொருந்தியது. டேப் முடியவும் பாட்டு முடியவும் ஒன்றாக இருந்ததைப் பார்த்து அவளுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

ஒரு வாரத்தில் ஐம்பதும் தயாராகின. முப்பதைக் குணசேகரன் ஒரு பையில் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுபோனார், குவார்ட்டர்ஸிலும் தொழிற்சாலையிலும் கொடுக்க. இருபது கடையில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றன. ஒரிஜினலைப் பாஸ்கரன் வாங்கிக்கொள்ளவில்லை. "திரும்பவும் தேவைப்படும், உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அவரிடம் வீட்டில் தனக்கென்று ஒரு பிரதி இருந்தது. கடைப் பதிவை அவர் போட்டுப் பார்க்கவில்லை. தன் பிள்ளை எப்படி இருக்கும் என்று அடுத்தவரிடம் போய்ப் பார்ப்பானேன் என்று இருந்திருப்பார்.

கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பது ஓட்டை வழியாகப் பேபிக்கு வந்துகொண்டிருந்தது.

முதலில் வந்தவர் கையில் கேசட்டோடு வந்தார். "இன்னாபா இது, சிலோன் ஸ்டேஷன் சரியா மாட்டாத மாதிரி கொர்ர்னு கீது. வேற குடு" என்றார். பக்தவத்சலம் அது அப்படித்தான் என்று சொல்லி அனுப்பினார். இன்னொருவர், "மிக்சியைப் போட்டுட்டு பொண்டாட்டி சண்டை வலிக்கிற மாதிரி கீது. அது எங்க ஊட்லயே கீதே" என்றார். குவார்ட்டர்ஸ் அம்மா ஒருத்தி அதைப் போட்டால் கைக்குழந்தை தூங்கிவிடுகிறது என்றாள். தொழிற்பேட்டையிலிருந்து ஒரு லேத்துக்காரர் எண்ணெய்க் கையோடு வந்து நின்றார். "மொதப் பக்கத்துல ரெண்டாவதா வருது பாரு, அது என் மிசினு. பல்லு தேஞ்சிருக்கச்சொல்ல அப்படித்தான் கத்தும். கேட்டுக்கினு இருந்தேன், கண்ணுல தண்ணி வந்துட்ச்சு. ஏன்னு தெர்ல" என்று சொல்லிவிட்டு, வேறொன்றும் வாங்காமல் போனார். பேபி அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரும்பாலானவர்கள் ஒன்றைத்தான் சொன்னார்கள். "முச்சூடும் பேஜாரு. கடேசி அயிட்டம் மட்டும் ஷோக்கா கீது."

ஆடி முடிகிற சமயத்தில், ஒரு சனிக்கிழமை, வேலை முடித்துப் பாஸ்கரன் தனியாக வந்தார். முகம் பளபளவென்று இருந்தது. பக்தவத்சலம் டீ குடிக்கப் போயிருந்தார். ஓட்டைக்கு முன்னால் குனிந்து, "பேபி, ஒரு விஷயம் கேளுங்க. எல்லாரும் கடைசி அயிட்டம்தான் நல்லாருக்குங்கறாங்க! நம்பவே முடியல. அதுதான் இருக்கறதுலயே கஷ்டமானது" என்றார்.

பேபி அவரைப் பார்த்தாள்.

"மூணாவது சங்கு இருக்குல்ல, அதைக் குவார்ட்டர்ஸ் மாடியில நின்னு பிடிச்சேன். அப்புறம் அதை மெதுவாக்கி, திரும்ப மெதுவாக்கி, நாலு தடவை. ரெண்டு நிமிஷம் சத்தம் நல்லாக் கேட்கும். அப்புறம் ஆறு நிமிஷம் அடங்கிக்கிட்டே போகும். இருக்கா இல்லையான்னே தெரியாது. காதை வச்சுக் கேட்டாத்தான் உண்டு. கேட்டுக்குள்ள நுழைய முடியாம வெளியில நிக்கறவனுக்கு அந்தச் சங்கு அப்படித்தான் கேட்கும். எங்கப்பாவுக்காகச் செஞ்சேன். அவரு மில்லு கேட்டுல அப்படி நின்னவரு. இதெல்லாம் எவனுக்குப் புரியப்போவுதுன்னு நினைச்சேன். புரிஞ்சிருக்கு பாருங்க!"

 அந்த ஆறு நிமிடம் எது என்று பேபிக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். 'சார், நான் அதுமேல பாட்டு போட்டுட்டேன்.' நாலைந்து வார்த்தை. கடையில் வேறு யாரும் இல்லை. கத்துகிற ஆளும் இல்லை அவர். வாயைத் திறந்தாள். எட்டாம் வகுப்பில் நின்றது போலவே இருந்தது. அதற்குள் டீக்கடையிலிருந்து பக்தவத்சலம் வந்துவிட்டார்.

"பத்திரிகைக்காரர் ஒருத்தருக்கு ஒரு கேசட் கொடுக்கச் சொல்லிக் குணாகிட்ட சொல்லியிருக்கேன். இசையைப் பத்தி எழுதறவரு. அவரு என்ன சொல்றாருன்னு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் பாஸ்கரன் போனார்.

திங்கட்கிழமை முதல் பேபி கடையில் மிச்சமிருந்த பதினெட்டு கேசட்டுகளையும் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தாள். ஒரிஜினலை மாட்டி, இரண்டாம் பக்கத்தின் கடைசி ஆறு நிமிடத்தைத் திரும்பப் பதிந்தாள். பக்தவத்சலம் கேட்டபோது, தூசி துடைக்கிறேன் என்றாள். இந்தத் தடவை காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டாள். படுத்த ஊசியின் கீழே அது இருந்தது. மெலிந்து மெலிந்து, வெகு தூரத்தில், யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போல. பதினெட்டுத் தடவை கேட்டாள். பதிந்து முடித்ததும், கடைப்பிரதியையும் முழுக்க அழித்து வேறு பாட்டுகளுக்கு எடுத்துக்கொண்டாள். பத்திரிகைக்காரருக்குக் குணசேகரன் இன்னும் கொடுத்திருக்க மாட்டார், கொடுப்பதானால் கடையிலிருந்து புதிதாக ஒன்று எடுத்துக்கொண்டு போவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லாமலே சரி செய்துவிட்டோம் என்று அவளுக்கு ஓர் ஆறுதல்.

ஐப்பசியில் அந்தப் பத்திரிகை வந்தது. முப்பத்திரண்டு பக்கம், மொத்தம் சில நூறு பேர் படிப்பார்களோ என்னவோ. பாஸ்கரன் அதைக் கொண்டுவந்து பக்தவத்சலத்தின் மேசையில் போட்டார். பிறகு பேபி அதை வாசித்தாள். ஒன்றரைப் பக்கம். முக்கால்வாசி புகழ்ச்சிதான். 'நம் தொழிற்சாலைகளின் இரைச்சலை யாரும் இதுவரை இவ்வளவு அன்போடு கேட்டதில்லை' என்று எழுதியிருந்தது. 'லேத்து அழுகிறது, நாம் அதை நம்புகிறோம்' என்று எழுதியிருந்தது. கடைசிப் பத்தி இப்படி இருந்தது: 'ஆனால் இசையமைப்பாளருக்குத் தன்மேல் நம்பிக்கையில்லை. சங்கொலி அடங்கத் தொடங்கும் அந்த அற்புதமான இடத்தில், சட்டென்று ஓர் அம்மன் பாட்டின் காலில் போய் விழுந்துவிடுகிறார். ஆடி மாதச் சந்தைக்குப் பயந்து செய்த காரியம். இதற்கு முன் கேட்ட ஐம்பத்துநாலு நிமிடங்களும் அந்த ஒரு பாட்டில் பொய்யாகிவிட்டன.'

"என் கேசட்டுல எங்கய்யா அம்மன் பாட்டு?" என்றார் பாஸ்கரன்.  "அந்தாளு கேட்கவே இல்ல. வேற எவன் கேசட்டையோ கேட்டுட்டு எழுதியிருக்கான்."

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்து அங்கேயே போட்டார்கள். சங்கு அடங்கியது. பாட்டு இல்லை. பாஸ்கரன் அன்றே பத்திரிகைக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதினார். கேட்காமலே விமரிசனம் எழுதுகிறவர் என்று எழுதினார். அடுத்த இதழில் அந்தக் கடிதத்தைப் போட்டு, கீழே இரண்டே வரி போட்டிருந்தார்கள்: 'கேசட் எங்களிடம் இருக்கிறது. விரும்பியவர் வந்து கேட்கலாம். இசையமைப்பாளரும் வரலாம்.'

அவர் போனார். கேட்டார். பலர் முன்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தக் கேசட்டை வாங்கிக்கொண்டு நேரே அம்பத்தூருக்கு வந்தார். குணசேகரனும் கூட இருந்தார். சாயங்காலம் நாலரை மணி. பக்தவத்சலம் இரண்டு கேசட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார். ஒன்றில் உடுக்கை. ஒன்றில் சங்கு.

"ரெண்டும் உங்க கடைக் கேசட்டு" என்றார் பாஸ்கரன்.

பக்தவத்சலம் நெற்றியைச் சுருக்கினார். "ஒரே கைதான் நைனா பதிஞ்சிது. என் கடைல பாட்டு ரொப்புனா அம்பதுலயும்தான் கீணும்? இங்க கீறதுல இல்லியே."

பாஸ்கரன் வந்து ஓட்டைக்கு முன்னால் குனிந்தார். கண் சிவந்திருந்தது. "பேபி. இந்தப் பாட்டு இதுல எப்படி வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் ஒரே சமயத்தில் அவள் முகத்தைப் பார்த்து எத்தனையோ வருடமாகிறது.

"தெரியாது சார்" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். "அது தெரியாதுன்னா தெரியாதுதான். அது பொய் சொல்ற பொண்ணு இல்ல" என்றார். பிறகு மெதுவாகக் குணசேகரன் பக்கம் திரும்பினார். "பாட்டு இருக்கற இந்தக் கேசட் நீ கொண்டுபோனது. இங்கயே இருந்ததுல ஒண்ணுலயும் இல்ல. உன் வீட்ல ரெட்டை டேப் ரெக்கார்டர் இருக்கு. அம்மன் பாட்டு போடுன்னு அன்னிக்கு இங்க நின்னு சொன்னது யாரு?"

குணசேகரன் முதலில் சிரித்தார். "இன்னா மாமே, டமாஸ் பண்றியா?"

பாஸ்கரன் சிரிக்கவில்லை.

"டேய், மெய்யாலுமே கேக்கறியா? நானா? முப்பது கேசட்டை எடுத்துக்கினு ஊடு ஊடா ஏறி எறங்கினவன்டா நான்! உன் கொர்ர் சத்தத்தை வாங்கிக்கோ வாங்கிக்கோன்னு கெஞ்சிக்கினு..."

"விக்கலைன்னுதானே போட்டே?"

குணசேகரனின் முகம் மாறியது.  பிறகு, "ஆமாண்டா. நாந்தான் போட்டேன். இன்னா பண்ணுவே?" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அது கோபத்தில் சொன்னது என்று கடையில் ஓர் ஆளுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அந்த ஆள் உள்ளறையில் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். ஸ்கூட்டர் சைக்கிள் கடையைத் தாண்டி, வளைவு திரும்பும் வரைக்கும் அவள் பார்த்தாள். எழுந்து ஓடியிருந்தால் வளைவுக்குள் பிடித்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை.

அன்று பாஸ்கரன் ஆவடிக்குப் பஸ்ஸில் போனார். அவர் போன பிறகு பக்தவத்சலம் ஓட்டை வழியாக அவளை ஒரு பார்வை பார்த்தார். அவருடைய சட்டம் அவருக்குத் தெரியாதா? "வேலையைப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு பாஸ்கரன் கேசட் எதுவும் போடவில்லை. ஆவடி ரயில்களை வைத்து ஒன்று செய்யப்போவதாக முன்பு சொல்லியிருந்தார். அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சத்தப் பலகையைப் பிரித்து, அதிலிருந்த சாமான்களைப் போட்டு அக்கம்பக்கத்து டிவிகளையும் ரேடியோக்களையும் சரி செய்து கொடுக்கிறார் என்று குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். இருவரும் மெல்லிசைக் குழுவை விட்டுவிட்டார்களாம். ஒருவர் இருக்கிற ஷிஃப்டில் மற்றவர் இல்லாதபடி மாற்றிக்கொண்டார்களாம். ஒவ்வொரு செய்தியும் ஓட்டை வழியாக உள்ளே வந்து பேபியின் மடியில் விழுந்தது. போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பாள். பொங்கல் போகட்டும் என்பாள். பிறகு சித்திரை போகட்டும் என்பாள்.

தொண்ணூற்று மூன்றில் அவளுக்குக் கல்யாணமாகிக் காட்டுப்பாக்கம் போனாள். கணவர் அய்யாசாமி லாரி ஷெட்டில் மெக்கானிக். அதிகம் பேசாதவர், நல்லவர். மேலும் இரண்டு வருடம் அங்கிருந்தே பஸ் பிடித்துக் கடைக்கு வந்தாள். குழந்தை வயிற்றில் வந்ததும் நின்றுகொண்டாள்.

தொண்ணூற்றேழில், குமணன்சாவடி பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "யம்மா, நீ ரெக்கார்டிங் கடைப் பொண்ணு இல்ல?" குணசேகரன். தலை நரைத்துவிட்டது. கையில் ஒரு மஞ்சள் பை நிறையக் கல்யாணப் பத்திரிகை. மூத்த பெண்ணுக்குப் பூந்தமல்லியில் கல்யாணமாம். அங்கேயே ஒன்றில் பேனாவால் அவள் பெயரை எழுதி நீட்டினார்.

"வூட்டுக்காரரையும் இட்டுக்கினு வந்துடு. அம்பத்தூர்ல அல்லாருக்கும் வெச்சாச்சு" என்றார். பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "பாஸ்கருக்கும் வெச்சேன். ஊட்டுக்கே போனேன். வாங்கி டிவி மேல வெச்சிட்டு உள்ள போய்ட்டான். வரமாட்டான்" என்றார். "எம் பொண்ணைத் தோள்ல தூக்கிக்கினு திருமுல்லைவாயில் திருவிழாவெல்லாம் சுத்தினவன். அவனாண்ட கோவமே இல்லம்மா எனக்கு. அன்னிக்கு அப்டி சொல்லாம கம்முனு போயிருக்கணும். வாய்தான் எனக்கு எமன்."

பேபி அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆவடிக்குப் போனாள்.

பாஸ்கரன் வாசலில் ஒரு ஸ்டெபிலைசரைப் பிரித்துவைத்து உட்கார்ந்திருந்தார். அவளை அடையாளம் கண்டுகொள்ளச் சிறிது நேரமானது. பிறகு முகம் மலர்ந்து, "அட, பேபியா! வாம்மா, உள்ள வா" என்று எழுந்தார். இப்போது 'நீ' என்று கூப்பிட்டார். மனைவியைக் காபி போடச் சொன்னார்.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். பஸ்ஸில் வரும்போது வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததால் நிற்காமல் வந்தது. "சார், அந்தப் பாட்டை நான்தான் சார் போட்டேன். குணசேகரன் அண்ணன் இல்ல. ஊசி படுத்துட்ச்சுன்னு முடிஞ்சிட்ச்சுன்னு நெனச்சுக்கினேன். கடைல டேப்பு காலியா உடக் கூடாதுன்னு மொதலாளி சொல்லுவாரு. அதான் ரொப்பிட்டேன். அப்புறம் நீங்க வந்து சொன்னதும், கடைல இருந்த பதினெட்டையும் திரும்பிப் பதிஞ்சேன். அதனாலதான் அதுங்கள்ல பாட்டு இல்ல."

பாஸ்கரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.  பிறகு சிரித்தார்.

"குணா அனுப்பினானா?"

"இல்ல சார். சத்தியமா இல்ல."

"கல்யாணத்துக்கு என்னை வரவைக்க வழி தெரியாம உன்னைப் பிடிச்சிருக்கான். நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க ரெண்டு பேரும். கடையில இருந்ததுல ஏன் இல்லன்னு நான் கேட்பேன்னு, அதுக்கும் பதில் வச்சிருக்கீங்க."

"சார், நான் பொய் சொல்லல."

"அன்னிக்குக் கேட்டேனே பேபி. நேருக்கு நேரா கேட்டேன். தெரியாதுன்னே. அந்த ஒரு வார்த்தையை வச்சுத்தானே ஒன்பது வருஷம் அவன் மூஞ்சில முழிக்காம இருந்தேன். இப்ப வந்து அது இல்லைங்கறே." ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "அது இல்லைன்னா, அப்ப நான் செஞ்சதுக்கு என்ன பேரு? வேண்டாம்மா. விடு."

காபி வந்தது. அவள் நின்றபடியே குடித்தாள். சூடு நாக்கில் தெரியவில்லை. இன்னொரு தடவை சொல்லலாமா என்று பார்த்தாள். அவர் முகத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் கோபமும் இல்லை. அவளை நினைத்து நெகிழ்ந்துபோனது போல இருந்தது.

"அடுத்தவன் பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்க வந்திருக்கே. உன் மாதிரி மனசு யாருக்கு வரும்?" என்றார். "சரி. இவ்வளவு தூரம் வந்து கேட்டுட்டே. கல்யாணத்துக்கு வரேன்னு சொல்லு அவன்கிட்ட. செஞ்சது செஞ்சுட்டான், நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லு."

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு நேராக ஒரு பஸ் இருந்தது. பேபி அதில் ஏறினாள். குணசேகரன் வீட்டில் பந்தல்காரர்கள் மூங்கிலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் பனியனோடு நின்று அவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "இன்னாம்மா, கல்யாணம் அடுத்த வாரம்தானே, இப்பவே வந்துட்டே?" என்றார்.

"பாஸ்கர் சாரைப் பாத்துட்டு வரேன் அண்ணா. வரேன்னு சொன்னாரு."

அவர் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். உள்ளே திரும்பி மனைவியைப் பெயர் சொல்லிக் கத்தினார். கண் நிறைந்துவிட்டது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. "மெய்யாலுமா? அவன் வாயால சொன்னானா? வேற இன்னா சொன்னான்?"

பேபி மூங்கில் அடுக்கைப் பார்த்தாள்.

"வேற ஒண்ணும் சொல்லல அண்ணா" என்றாள்.